தகவல் தருபவர்: மனைவி

புதிதாக இந்தத் துறைக்கு வந்திருக்கும் உங்களிடம் நான் சரியாகச் செய்தவற்றைப் பற்றிப் பேச வேண்டும் என்றுதான் கேட்டுக்கொண்டார்கள். அவை கட்டுரைகளாக நூலகத்தில் இருக்கின்றன, வேண்டும்போது எடுத்துப் படித்துக்கொள்ளலாம். நான் ஒரு பெண்ணை ஏறக்குறையக் கொன்றதைப் பற்றி எந்தக் கட்டுரையும் முழுதாகச் சொல்லாது. அதை நான்தான் சொல்ல வேண்டும்.

கல்லூரியில் உளவியல் கற்பித்தபடி நான் செய்த ஆய்வுகள் எல்லாம் ஒரே கேள்வியைச் சுற்றியவை. மனிதர்கள் பதற்றத்தை அடக்கக் குடிக்கிறார்களா, அல்லது குடித்துக் குடித்துப் பதற்றம் வருகிறதா? சுனாமி வந்து ஆறு வருடம் கழித்து, இந்த மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில் ஒரு மீனவ ஊரில் அந்தக் கேள்வியோடு இறங்கினேன். அங்கே ஆண்கள் பலர் அந்த டிசம்பருக்குப் பிறகு குடியைக் கூட்டியிருந்தார்கள். சிகிச்சைக்குச் சம்மதித்தவர்களை மருத்துவரிடம் சேர்ப்போம். பிறகு மாதம் ஒருமுறை வீட்டுக்கே போய் நிலவரம் கேட்டு எழுதிக்கொள்வோம். குடிப்பவர் தன் குடியைப் பற்றி உண்மை சொல்ல மாட்டார் என்பதால் படிவத்தில் இன்னொரு பகுதி இருந்தது. தகவல் தருபவர் யார்? எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான்: மனைவி.

அமலோற்பவத்தை ஊரில் அமலி என்பார்கள். நாற்பதை நெருங்கிய வயது. காலையில் மீன் எடுத்துக்கொண்டு போய் உள்ளூர்ச் சந்தைகளில் விற்றுவிட்டு, மதியம் திரும்பி வருவாள். அவள் கணவன் மிக்கேல் வள்ளத்தில் மீன் பிடிக்கப் போகிறவன். சுனாமியில் வள்ளமும் போய், அண்ணனும் போய், அதன் பிறகு குடியிலேயே கிடந்தவன்.

அமலியைப் போல ஒரு தகவலாளர் எனக்கு வாய்த்ததில்லை. மற்ற பெண்கள் அழுவார்கள், கூட்டிச் சொல்வார்கள், அல்லது கணவனைக் காப்பாற்ற மறைப்பார்கள். இவள் அளந்து சொல்வாள்.

"நேத்தும் குடிக்கல்ல டீச்சர். செவ்வாக்கெழம இத்திரி குடிச்சாரு. அதுக்குப் பெறவு இல்ல."

படிவத்தின் கடைசியில் தகவலாளரின் நம்பகத்தன்மையைக் குறிக்க ஓர் இடம் உண்டு. அங்கே மாதாமாதம் 'மிக நம்பகமானவர்' என்று குறித்தேன்.

அமலியிடம் கற்றுக்கொண்ட ஒன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் வினாத்தாளில் 'பதற்றம் உண்டா?' என்று இருந்தது. ஊரில் எல்லோரும் இல்லை என்றார்கள். வியப்பாக இருந்தது. ஒருநாள் அமலிதான் சொன்னாள், "பதற்றம்னு கேட்டா ஆருக்குத் தெரியும் டீச்சர்? வெப்ராளம்னு கேளுங்க." நெஞ்சு அடித்துக்கொண்டு, நிற்கவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் தவிப்பதற்கு அவர்கள் வைத்திருந்த சொல் அது. சொல்லை மாற்றிக் கேட்டதும் ஆண்கள் பேசத் தொடங்கினார்கள். என் ஆய்வே அங்கிருந்துதான் உயிர் பெற்றது. அந்தச் சொல் அவள் வாயில் அவ்வளவு சுலபமாக எப்படி வந்தது என்று மட்டும் நான் யோசிக்கவில்லை. நானும் ஒரு பெண். அதை நினைத்தால் இன்றும் எனக்குக் கூசுகிறது.

மிக்கேல் குடியை நிறுத்தினான். மருத்துவமனையில் பத்து நாள் வைத்திருந்து, வலிப்பு வராமல் மருந்து கொடுத்து, பார்த்துப் பார்த்து நிறுத்த வைத்தோம். நீண்ட நாள் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரும், உயிரே போகலாம் என்பது உங்களுக்கும் பாடத்தில் இருக்கும். வெளியே வந்தவன் திரும்பவும் கடலுக்குப் போகத் தொடங்கினான். மாதங்கள் ஓடின. ஒரு வருடம் ஆனது. நான் கருத்தரங்குகளில் பெயர் சொல்லாமல் அவனைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

அந்த ஒரு வருடம் நிறைந்த மாதத்தில் வழக்கம்போல் போனேன். மிக்கேல் கடலில் இருந்தான். அமலி எனக்குப் பால் சேர்க்காத கட்டன்சாயா போட சர்க்கரை டப்பாவை அலமாரியிலிருந்து எடுத்தாள். அதன் பின்னாலிருந்து ஒரு மாத்திரை அட்டை கீழே விழுந்தது. நான் எடுத்துப் பார்த்தேன். பதற்றத்தைக் குறைக்க மனநல மருத்துவர்கள் சில வாரங்களுக்கு மட்டும் எழுதித் தரும் மாத்திரை.

"இது ஆருக்கு அமலி?"

"எனக்குத்தான் டீச்சர். ஒறக்கத்துக்கு."

"எப்ப மொதலு?"

"சுனாமிக்குப் பெறவு. கேம்புல வச்சு ஒரு டாக்டர் தந்தாவ. பெறவு காலி அட்டையக் காட்டினா மருந்துக் கடையில தருவினும்."

"தெனமும் எத்தன?"

அவள் அடுப்பைப் பார்த்தாள். "ஒண்ணு. வெப்ராளம் கூடினா ரெண்டு."

எனக்கு அன்று இன்னும் மூன்று வீடு பாக்கி இருந்தது. படிவத்தைப் பாதி நிரப்பியிருந்தேன். எழுதிக்கொண்டே சொன்னேன்.

"இதும் ஒரு குடிதான், பாத்துக்க. மிக்கேலே விட்டாச்சு. உனக்கு இத விட முடியாதா? தூக்கிப் போடு."

அவள் சிரித்தாள். "செரி டீச்சர். நீங்க சொன்னா செரி."

நான் சாயா குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன்.

மருந்து கொடுப்பதும் நிறுத்துவதும் நம் வேலை அல்ல. அது மருத்துவருடையது. அதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. அந்த மாத்திரையும் மதுவும் மூளையில் ஒரே விதமாக வேலை செய்பவை. வருடக்கணக்கில் சாப்பிட்டதை ஒரே நாளில் நிறுத்தினால் மதுவை நிறுத்தியதைப் போலவே வலிப்பு வரும். இதை நான் அந்தப் பருவத்தில்தான் முதுகலை வகுப்பில் இரண்டு நாள் நடத்தியிருந்தேன். கணவனுக்குப் பத்து நாள் மருத்துவமனை. மனைவிக்கு 'தூக்கிப் போடு'.

மூன்றாம் நாள் காலை, வகுப்புக்குப் போகும்போது மிக்கேல் கூப்பிட்டான். குடியை விட்டதிலிருந்து அவனுக்கு எதற்கும் என்னைக் கூப்பிடும் பழக்கம்.

"டீச்சரே, அமலி வெட்டி விழுந்துட்டா. கையும் காலும் இழுக்குது. வாயில நொர வருது. கஞ்சி வடிச்சிட்டு நின்னா, எல்லாம் கையில சாடி வெந்துட்டு. நாங்க நாகர்கோயில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறோம்."

எனக்கு அந்தக் கணமே தெரிந்துவிட்டது. ஆனால் தெரிந்ததை ஒப்புக்கொள்ள மனிதருக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதை அன்று ஆட்டோவில் போகும்போது கண்டேன். வெயிலாக இருக்கலாம். சிறு வயதிலிருந்தே வலிப்பு இருந்திருக்கலாம். ஒன்று இரண்டு மாத்திரைக்கு இப்படி வராது. ஆட்டோ மருத்துவமனை வாசலில் நிற்பதற்குள் நான் என்னை முக்கால்வாசி விடுதலை செய்திருந்தேன்.

அவசரப் பிரிவில் அமலி கட்டிலில் கண்மூடிக் கிடந்தாள். இடது கை முழங்கை வரை வெந்து தோல் சுருண்டிருந்தது. பணியிலிருந்த டாக்டர் ஓர் இளம்பெண். மிக்கேலிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"முன்ன வலிப்பு வந்திருக்கா? ஏதாவது மருந்து சாப்பிடுதாங்களா?"

"இல்ல டாக்டர். அவ ஒரு மருந்தும் எடுக்கமாட்டா. தலவலிக்குக்கூட எடுக்கமாட்டா."

அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்குத் தெரியாது. அந்த அறையில் அந்த மாத்திரையைப் பற்றித் தெரிந்திருந்தது எனக்கு மட்டும்தான். நான் வாயைத் திறந்தேன், சொல் வரவில்லை. அங்கிருந்த நர்ஸ் ஒருத்தி என் மாணவியின் அக்கா. மிக்கேல் என்னைப் பார்த்து, "டீச்சர் வந்துட்டாவ" என்று நிம்மதியாக மூச்சு விட்டான். அந்த முகத்தின் முன்னால் 'நான்தான்' என்று எப்படிச் சொல்வது? டாக்டர் தலையை ஸ்கேன் எடுக்க எழுதிக்கொண்டிருந்தாள். ஸ்கேன் முடிந்ததும் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். இரண்டு நிமிடம் இருக்கலாம். மூன்று நிமிடம் இருக்கலாம். அந்த நிமிடங்களை நான் யாருக்கும் இதுவரை முழுதாகச் சொன்னதில்லை.

அப்போது அமலியின் உடம்பு விறைத்தது. முதுகு கட்டிலிலிருந்து வில்லாக எழுந்தது. கண்கள் மேலே செருகின. வெந்த கை கட்டிலின் இரும்பில் அடித்துக்கொண்டது, தோல் கழன்று கம்பியில் ஒட்டியது. மிக்கேல் கத்தினான். எனக்கு அப்போதுதான் குரல் வந்தது.

"மாத்திரை சாப்பிட்டா டாக்டர். பதற்றத்துக்கு உள்ளது. ஆறு ஏழு வருசமா. மூணு நாளைக்கு முன்ன ஒரேயடியா நிறுத்திட்டா."

"ஆரு நிறுத்தச் சொன்னது?"

"நான்."

அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு நர்ஸிடம் ஊசி மருந்தின் பெயரைச் சொன்னாள். சிறிது நேரத்தில் அமலியின் உடம்பு தளர்ந்து கட்டிலில் விழுந்தது. மிக்கேல் என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

தவறு எல்லோருக்கும் நேரும். தெரிந்தவுடன் சொல்லிவிட்டால் அது தவறாகவே நிற்கும். நான் வாய் மூடி நின்ற அந்த நிமிடங்கள் தவறு அல்ல, வேறு ஏதோ. அதற்கு நம் பாடப்புத்தகத்தில் பெயர் இல்லை.

நான்கு நாள் கழித்து அவள் தெளிவாகப் பேசத் தொடங்கினாள். மனநல மருத்துவர் மாத்திரையைத் திரும்பத் தொடங்கி, மெல்ல மெல்லக் குறைக்கத் திட்டம் போட்டிருந்தார். நான் படிவம் இல்லாமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவளைப் பார்க்க நான் அப்படிப் போனது அதுதான் முதல்முறை.

"உண்மையில எத்தன எடுத்தே அமலி?"

"ஆறு. சில நாளு எட்டு."

"என்கிட்ட ரெண்டுன்னு சொன்னியே?"

"நீங்க பேப்பர்ல எழுதிட்டு இருந்தீய. நேரம் இல்லன்னு நெனச்சேன்."

குற்றம் சாட்டும் குரலே இல்லை. என் வேலைக்கு இடைஞ்சல் செய்யக் கூடாது என்று அவள் உண்மையாகவே நினைத்திருக்கிறாள்.

"ஆறு எப்ப ஆச்சு?"

"அவரு குடிய நிறுத்தின பெறவு."

எனக்குப் புரியவில்லை. நிறுத்தின பிறகு நிம்மதிதானே வர வேண்டும் என்று கேட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது.

"குடிச்சா கடலுக்குப் போவமாட்டாரு டீச்சர். ஏசுவாரு, அடிப்பாரு, ஆனா கரையில கெடப்பாரு. எனக்கு ஒறக்கம் வரும். குடி நின்னதும் தெனமும் கடலுக்குப் போனாரு. அவரு வள்ளம் எறக்கினா எனக்கு வெப்ராளம் தொடங்கிரும். திரும்பி வந்து கால கழுவுத சத்தம் கேக்கணும், அதுவர நெஞ்சு நிக்காது. நீங்க ஒவ்வொரு மாசமும் வந்து நல்ல சேதி நல்ல சேதின்னு எழுதுவீய. அந்த மாசம் எனக்கு மாத்திர ஒண்ணு கூடும்."

நான் எழுந்து வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு வருடம் அவள் சொன்ன ஒவ்வொரு 'குடிக்கல்ல'வும் எனக்கு வெற்றியாக இருந்தது. அவளுக்கு அது அவன் கடலில் இருந்த நாள். என் வரைபடத்தில் கோடு இறங்க இறங்க, அதே வீட்டில் வேறொரு கோடு ஏறிக்கொண்டே போயிருக்கிறது. அந்தக் கோட்டை வரைய என் தாளில் இடமே இல்லை. அடி வாங்கிக்கொண்டிருந்தபோது நிம்மதியாக உறங்கினாள் என்பதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

எனக்கு ஆய்வு என்றால் என்னவென்று கற்றுத் தந்த பேராசிரியர் ஒருவர் உண்டு. அவர் கையெழுத்து இல்லாமல் நான் ஓர் அறிக்கை அனுப்பியதில்லை. கல்லூரியின் நெறிமுறைக் குழுவுக்கு இதை எழுதப் போவதாக அவரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு நிதானமாகக் கேட்டார்.

"அந்தப் பெண் உங்க ஆய்வில் பங்கேற்பாளரா?"

"இல்ல சார். தகவலாளர்."

"அப்ப இது ஆய்வில் நடந்த பாதிப்பு இல்லையே. எதுக்கு எழுதணும்?"

அவர் கெட்ட மனிதர் அல்ல. விதியின்படி அவர் சொன்னது சரி. அந்த விதிக்குப் பின்னால் அவரால் பாதுகாப்பாக நிற்க முடிந்ததுதான் என்னை உலுக்கியது. அதைவிட உலுக்கியது, ஒரு நொடி எனக்கு ஆறுதலாக இருந்தது என்பது. அன்று சாயங்காலமே எழுதிக் கொடுத்தேன். காத்து நின்ற அந்த நிமிடங்களையும் எழுதினேன் என்று சொல்ல ஆசை. எழுதவில்லை. மற்றதை எல்லாம் எழுதினேன். ஆய்வைப் பல மாதம் நிறுத்தி வைத்தார்கள். பேராசிரியர் அதன்பிறகு என்னிடம் தேவைக்கு மட்டும்தான் பேசினார்.

குழு ஒரு காரியம் செய்யச் சொன்னது. எல்லா வீட்டுக்கும் திரும்பப் போய், இந்த முறை மனைவிகளிடம் அவர்களைப் பற்றிக் கேட்க வேண்டும். ஒரு மனநல மருத்துவரும் கூடவே வந்தார். நான் ஒரே கேள்விதான் வைத்திருந்தேன். "உனக்கு ஒறக்கம் உண்டா?" முதல் வீட்டில் அந்தப் பெண் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே போய் பைபிளுக்கு உள்ளேயிருந்து ஓர் அட்டையை எடுத்துக்கொண்டு வந்தாள். அடுத்த வீட்டில் அரிசிப் பானையிலிருந்து. அதற்கடுத்த வீட்டில் ஒன்றும் இல்லை, எனக்கு மூச்சு வந்தது. நாங்கள் தெருவில் இறங்கியதும் அவள் பின்னாலேயே ஓடி வந்து, மாமியார் கேட்காத தூரத்தில் நின்று, மடியை அவிழ்த்து அட்டையைக் காட்டினாள். எத்தனை பேர் என்று இங்கே சொல்லப் போவதில்லை. வருடக்கணக்காக அந்தத் திண்டாட்டங்களுக்கு நடுவே உட்கார்ந்து சாயா குடித்துவிட்டு, ஆண்களைப் பற்றி எழுதிக்கொண்டு போயிருக்கிறேன்.

அமலிக்கு மாத்திரையை அரை அரையாகக் குறைக்க ஒரு வருடத்துக்கு மேல் பிடித்தது. பயத்துக்கான சிகிச்சையை அவள் என்னிடமே செய்துகொள்வேன் என்றாள். ஏன் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. வேறொருவர் மேற்பார்வையில் செய்தேன். கடற்கரையிலேயே குடியிருந்தும் அவள் சுனாமிக்குப் பிறகு கடலை நேராகப் பார்த்ததே இல்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. வீட்டுக்குப் போக எப்போதும் உள்தெரு வழி. சொந்த ஊர்க் கரையில் நிற்க வெட்கப்பட்டாள். அதனால் தெரிந்தவர் யாரும் இல்லாத, கடலை ஒட்டிய வட்டக்கோட்டைக்குப் பஸ்ஸில் போனோம். கோட்டையின் கல் மதிலைப் பிடித்துக்கொண்டு, முதலில் ஒரு நிமிடம், பிறகு ஐந்து நிமிடம். சுற்றுலா வந்த குடும்பங்கள் படம் எடுத்துக்கொண்டிருக்க, இவள் வியர்த்து ஒழுக நின்று கடலைப் பார்ப்பாள். சில மாதத்தில் மதிலை விட்டுக் கையை எடுத்தாள். பிறகு சொந்தக் கரையில் நின்று மிக்கேலை வழியனுப்பவே தொடங்கினாள். மிக்கேலும் என்னோடு பேசினான். மன்னித்தானா என்று தெரியாது. குடிக்கவில்லை.

இந்த இடத்தில் நிறுத்தினால் உங்களுக்கு ஒரு நல்ல கதை கிடைக்கும். பல கூட்டங்களில் நான் இங்கேதான் நிறுத்தியிருக்கிறேன்.

நான் ஓய்வு பெற்ற பிறகு ஒக்கி புயல் வந்தது. மிக்கேல் அப்போது பல நாள் கடலில் தங்கி மீன் பிடிக்கும் பெரிய படகுக்கு மாறியிருந்தான். புயலுக்கு முன்பே போய்விட்டிருந்தார்கள். கரையில் மரங்கள் சாய்ந்து கிடந்தன, மின்சாரம் இல்லை, எங்கும் பாதிரியார்களும் பெண்களும் பெயர்ப் பட்டியலோடு நின்றார்கள். சில படகுகள் எங்கெங்கோ கரை ஒதுங்கின என்று செய்தி வந்தது. சிலர் திரும்பினார்கள். மிக்கேலின் படகு வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

இரண்டு வாரம் கழித்துத்தான் அமலியைப் பார்க்கப் போனேன். வீடு நிறையப் பெண்கள். அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் போகும் வழியெல்லாம் மாத்திரையைப் பற்றித்தான் பயந்துகொண்டிருந்தேன். அதைத்தான் முதலில் கேட்டேன். பழக்கம் அது.

"எடுக்கல்ல டீச்சர்," என்றாள். "டாக்டர் தந்தாவ. வேண்டாம்னுட்டேன். இது வெப்ராளம் இல்லல்லா. இனி எதுக்கு வெப்ராளம்?"

அவள் சிகிச்சைக் குறிப்பில், என் கையெழுத்தில், ஒரு வரி உண்டு. 'கணவர் கடலிலிருந்து திரும்ப மாட்டார் என்ற மிகையான அச்சம்.' அந்த அச்சத்தைக் குறைத்ததுதான் நான் அவளுக்குச் செய்த சிகிச்சை. அவனைக் குடியிலிருந்து எழுப்பிக் கடலுக்கு அனுப்பியது நான் அவனுக்குச் செய்த சிகிச்சை. இரண்டிலும் நான் பிழை செய்யவில்லை. பாடப்படி இரண்டும் வெற்றி.

அமலி என் மனதில் ஓடியதைப் பார்த்துவிட்டாளோ என்னவோ, மெதுவாகச் சொன்னாள்.

"குடிச்சிட்டே இருந்திருந்தா கரையில கெடந்திருப்பாரு, இல்லியா டீச்சர்?"

அவள் கேட்டது கேள்விதான். ஆறுதலுக்காகக் கேட்கவில்லை. என்னைக் குத்தவும் கேட்கவில்லை. உண்மையான பதில் வேண்டும் என்று கேட்டாள். முப்பது வருடம் கேள்வி கேட்டுச் சம்பாதித்தவள் நான். எத்தனையோ பதில்கள் வாய்வரை வந்தன. குடித்திருந்தால் ஈரல் கெட்டு முன்னமே போயிருப்பான். விதி. புயலை யார் கண்டது. எல்லாம் என்னைக் காப்பாற்றும் பதில்கள்.

"ஆமா அமலி," என்றேன். "கெடந்திருப்பான்."

அவள் தலையை ஆட்டினாள். பக்கத்திலிருந்த பெண்ணை நகரச் சொல்லி, தரையில் எனக்கு இடம் விட்டாள்.

"இரிங்க டீச்சர்."

இருந்தேன்.